விளக்கேற்றும் வீட்டில் நாயும் பூனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு நாட்டு நாயும், மிளகு என்று ஒரு கறுப்புப் பூனையும் இருக்கின்றன. காலையும் மாலையும் விளக்கேற்றுகிற, அமாவாசை, கிருத்திகை தவறாத வீடு. இதெல்லாம் ஒரே கூரையின் கீழ் எப்படி ஒத்துப்போகிறது என்று கோயில் வரிசையிலும் கல்யாண வீட்டிலும் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். இதில் வரும் உடம்பு விஷயங்கள் பொதுவானவை. உங்கள் பிராணிக்கு ஏதாவது என்றால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

சாமி கும்பிடுற வீட்ல நாய் வளர்க்கலாமா?

தாராளமாக வளர்க்கலாம். சிவன் கோயிலில் பைரவருக்குப் பின்னால் நிற்பது யார்? தேய்பிறை அஷ்டமிக்கு அவருக்கு வடைமாலை சாத்தும் கைதான் வாசலில் வந்த நாயை விரட்டவும் செய்கிறது என்பதில் எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு. கருப்பசாமி கோயில்களில் மண்ணால் செய்த நாய்ச் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஊர்க்காவல் தெய்வத்துக்கு நாய் துணை என்பது நம் கிராமங்களில் ஊறிப்போன விஷயம்.

மகாபாரதத்தின் கடைசிப் பயணத்தில் தம்பிகளும் திரௌபதியும் ஒவ்வொருவராக விழுந்த பிறகு, தருமரோடு மிச்சமிருந்தது ஒரு நாய். அதை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்றபோது, அப்படிப்பட்ட சொர்க்கம் வேண்டாம் என்றார் தருமர். அந்த நாய்தான் தருமதேவதை. இதைவிடப் பெரிய சிபாரிசு நாய்க்கு வேண்டுமா?

பூஜை ரூமுக்குள்ள வந்துடுதே, தீட்டு இல்லையா?

இது வீட்டுக்கு வீடு மாறும். வீட்டில் பெரியவர்கள் இருந்து, அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அதைத் தட்ட வேண்டாம். கதவைச் சாத்திக்கொள்வதில் நாய்க்கு ஒரு நஷ்டமும் இல்லை. எங்கள் வீட்டில் என் அம்மா போட்ட விதி ஒன்றுதான்: படிக்கு அந்தப் பக்கம் சாமி, இந்தப் பக்கம் செவலை. அது நிலைப்படியில் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். மணி அடிக்கும்போது ஒரு காது மட்டும் திரும்பும். தீபாராதனை முடிந்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தட்டை நீட்டும்போது எழுந்து வாலாட்டும். அந்த நிமிஷத்துக்காகவே நான் சாயங்காலம் சீக்கிரம் வீடு திரும்புகிறேன்.

பூனைக்கு விதி போட முடியாது. அது மாடம் ஏறும், அலமாரி ஏறும், சாமி படத்துக்குப் பின்னால் போய் உட்காரும். அதனால் தீட்டைவிட நெருப்புதான் என் கவலை. எரிகிற விளக்குக்குக் கண்ணாடிச் சிமினி போட்டுவிட்டோம். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிய விடுவதில்லை.

அமாவாசைக்குக் காக்காவுக்கு வெச்ச சாதத்தை நாய் தின்னுடுச்சு. தோஷமா?

இல்லை. இன்னொரு பிடி வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள், காக்கை வரும். முன்னோர் பெயரைச் சொல்லி வைத்த சோறு பசித்த ஒரு வயிற்றுக்குள் போயிருக்கிறது. என் தாத்தா பாட்டி இருந்திருந்தால் நிச்சயம் கோபித்திருக்க மாட்டார்கள்.

நேபாளத்தில் தீபாவளியை ஒட்டி வரும் திகார் பண்டிகையில் முதல் நாள் காக்கைக்கு, இரண்டாம் நாள் நாய்க்கு. நாய்களுக்கு நெற்றியில் திலகமிட்டு, கழுத்தில் செண்டுமல்லி மாலை போட்டு, வயிறு நிறையச் சாப்பாடும் போடுகிறார்கள். தெருநாய்க்கும் மாலை உண்டு.

கோலத்தை நாய் கலைச்சிடுதே?

கலைக்கட்டும். பச்சரிசி மாவில் போட்டால் எறும்புக்கும் அணிலுக்கும் அது சாப்பாடு. செவலை மோந்து பார்த்துவிட்டு மூக்கு நுனியில் வெள்ளைப் பொட்டோடு உள்ளே வரும். மாவில் கல்லுப்பொடி, ரசாயன வண்ணம் கலந்த கோலமாக இருந்தால் மட்டும் நக்க விடாதீர்கள்.

பிரசாதம்தானே, நாய்க்குக் கொடுத்தா புண்ணியம் இல்லையா?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. பிரசாதத்தின் மேல் உள்ள மரியாதை வேறு, நாயின் சிறுநீரகம் வேறு. சர்க்கரைப் பொங்கலிலும் கேசரியிலும் உலர்திராட்சை இருக்கும். திராட்சை, பச்சையோ உலர்ந்ததோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது என்பதுதான் இதில் பெரிய பயம். ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்று நான்கைந்து திராட்சையில் படுத்துவிடும். அதனால் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுக்கிறேன் என்றும் கிளம்ப வேண்டாம். வீட்டில் செய்யும் பஞ்சாமிர்தத்திலும் திராட்சை சேர்ப்பவர்கள் உண்டு, கவனம்.

மற்றவையும் சொல்லிவிடுகிறேன். வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் ரத்த சிவப்பணுக்களை அழிக்கும். ஆகவே மிச்ச சாம்பார் சாதம், வத்தக்குழம்பு சாதம் வேண்டாம். சாக்லேட் கூடவே கூடாது. சமைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். தாளிக்காத தயிர் சாதம் கொஞ்சம், உப்பில்லாமல் வேகவைத்த கொண்டைக்கடலை நாலு, ஒரு சின்னத் தேங்காய்ச் சில்லு என்றால் பெரும்பாலான நாய்களுக்குச் சரிதான். சுண்டல் நைவேத்தியம் செய்யும் நாளில் தாளிப்பதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துவிட்டால் செவலைக்கும் பண்டிகை.

பூ, கற்பூரம், சாம்பிராணி எல்லாம்?

மல்லிகையால் பயமில்லை. செவ்வரளிதான் ஆபத்து. அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம், மாட்டுக்கும் சேர்த்துத்தான். சாத்திய மாலையைக் கழற்றினால் குப்பையில் வெளியே தெரியும்படி போடாமல் கட்டிப் போடுங்கள். தெருவில் மேயும் மாடு அதைத்தான் முதலில் இழுக்கும். பூங்கொத்துகளில் வரும் லில்லியைப் பூனை இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். அதன் மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் போய்விடும்.

பூ கட்டிய நூலைப் பூனை விழுங்கினால் குடலைச் சுருக்கி இழுத்துவிடும், அறுவை சிகிச்சை வரை போகும். வாழைநாரில் கட்டிய பூ வாங்கினாலும் வாடியதும் எடுத்து மூடி வையுங்கள். கற்பூரம் நாய், பூனை இரண்டுக்குமே விஷம், டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள். சாம்பிராணி போடும்போது ஜன்னலைத் திறந்துவிட்டு, பூனையை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவோம்.

திருக்கழுக்குன்றத்துல கழுகுக்கே சர்க்கரைப் பொங்கல் போட்டாங்களே, நாய்க்கு மட்டும் ஏன் கூடாது?

இதைக் கேட்டவர் ஒரு பள்ளிக்கூடப் பெண். நல்ல கேள்வி. திருக்கழுக்குன்றம் மலை மேல் உச்சிவேளையில் இரண்டு பறவைகள் வந்து அர்ச்சகர் கையால் சாப்பிட்டுப் போனது உண்மை. பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவை மஞ்சள்முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு வகை. கண்டதையும் தின்று செரிக்கும் வயிறு அதற்கு. நாய்க்கு அந்த வயிறு இல்லை.

1990-களின் கடைசியில் அவை வருவது நின்றுபோனது. அதே காலத்தில் இந்தியா முழுக்கப் பாறுகள் செத்து விழுந்தன. மாட்டுக்கு ஊசி போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்ததுதான் முக்கியக் காரணம் என்று பிறகு தெரிந்தது. கால்நடைக்கு அந்த மருந்தைக் கொடுப்பதை 2006-இல் தடை செய்தார்கள். ஒரு பிராணியை வணங்குவது மட்டும் அதைக் காப்பாற்றாது, அதன் உடம்புக்கு எது ஆகாது என்றும் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

நாங்க சுத்த சைவம். பூனைக்கு மட்டும் மீன் வாங்கணுமா? பால் சாதம் போதாதா?

போதாது. பூனை பிறவியிலேயே மாமிச பட்சிணி. அதற்கு டாரின் என்ற சத்து வேண்டும், அது மாமிசத்தில்தான் இயற்கையாகக் கிடைக்கும். பால் சாதத்திலேயே வளர்ந்தால் நாளடைவில் கண் பார்வை கெடும், இதயம் பலவீனமாகும். இன்னொன்று, வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது. படத்தில் பூனை என்றால் பால் கிண்ணத்தோடு வரைந்து வரைந்து நம்மை நம்ப வைத்துவிட்டார்கள். நாய் அப்படியில்லை. மருத்துவரிடம் கேட்டுச் சரியாகத் திட்டமிட்டால் முட்டை, பருப்பு, தயிர் என்று அதைச் சமாளிக்கலாம்.

எங்கள் வீடும் சைவம்தான். பூனைக்கான உலர் தீவனத்தைப் பின்கட்டில் தனி டப்பாவில், தனி கரண்டியில் வைத்திருக்கிறோம். புலியைப் படைத்தவன்தான் இதையும் படைத்தான், அதன் பசியை அவன் தீர்மானித்துவிட்டான் என்பார் அம்மா. என் விரதம் எனக்கு, மிளகுக்கு இல்லை. இது மனசுக்கு ஒத்துவராத வீட்டார் பூனை வளர்க்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. முயல் நல்ல சைவம், அதை யோசிக்கலாம்.

கறுப்புப் பூனை குறுக்கே போனா?

எங்கள் வீட்டில் அது ஒரு நாளைக்கு எத்தனையோ முறை குறுக்கே போகிறது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம்.

பல்லி சத்தம் போட்டா நல்லதா கெட்டதா? பூனை பல்லியைப் பிடிச்சா பாவம் யாருக்கு?

பலன் பார்ப்பவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வந்தவர்களுக்கு அந்தப் பயமும் இல்லை. பூனைக்குப் பாவம் கிடையாது. உங்களால் முடிந்தது, அதற்கு வேளைக்குச் சாப்பாடு போட்டு, சாயங்காலம் ஒரு நூல்பந்தை உருட்டி விளையாட்டுக் காட்டி, வேட்டை வெறியைக் கொஞ்சம் தணிப்பது. விளையாடி முடித்ததும் பந்தை எடுத்து வைத்துவிடுங்கள். நூல் ஏன் ஆகாது என்று பூ பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன்.

ஆண்டாள் கையிலயே கிளி இருக்கு, மீனாட்சி கையிலயும் இருக்கு. நாம கூண்டுல வெச்சா என்ன?

பச்சைக்கிளி காட்டுப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். கிளி ஜோசியக் கிளிக்கும் இதே சட்டம்தான். நட்சத்திர ஆமை வைத்தால் அதிர்ஷ்டம் என்று வாங்குவதும் அப்படியே.

ஆனால் ஆண்டாள் கிளியைச் சொன்னீர்களே, அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருப்பது இலைக்கிளி. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு என்று தினமும் புதிதாகச் செய்கிறார்கள். பச்சை இலையை மடித்து மடித்து வைத்து, வாழைநாரால் இறுக்கிக் கட்டுகிறார்கள். மறுநாள் வேறு கிளி வந்துவிடும், பழையதைப் பக்தர்கள் ஆசையோடு வாங்கிப் போகிறார்கள். கிளி மேல் அவ்வளவு ஆசை, கூண்டு மட்டும் இல்லை. வீட்டில் கிளி வேண்டும் என்றால் மாடியில் தண்ணீரும் கொஞ்சம் தானியமும் வையுங்கள், பக்கத்தில் கொய்யா மரம் இருந்தால் இன்னும் விசேஷம். வரும், தின்னும், போகும்.

தீபாவளிக்கு நாய் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்குது. வெடிக்காமலே இருந்துடணுமா?

தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வெடிக்க நேரம் வகுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னாலேயே நாயை வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் டிவியையும் ஓடவிட்டு, அது ஒளியும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். இழுத்து வெளியே போட்டுத் தைரியம் வரவழைக்க முடியாது. மனிதர் மாத்திரையைக் கொடுத்துத் தூங்க வைக்க நினைக்கவே கூடாது. பூனைக்கு ஒரு பாராசிட்டமால் உயிரையே வாங்கும்.

வெடிக்காமல் இருப்பது பற்றி: சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று பல வருடங்களாகவே வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் புதுத்துணி உண்டு, அதிரசம் உண்டு. எங்கள் வீட்டில் மத்தாப்பும் புஸ்வாணமும் மட்டும்.

ஜோசியர் பரிகாரமா ஒன்பது வாரம் கறுப்பு நாய்க்கு பிஸ்கட் போடச் சொன்னார். போடலாமா?

போடுங்கள், பிஸ்கட்டை மட்டும் மாற்றுங்கள். கிரீம் பிஸ்கட்டில் சாக்லேட் இருக்கலாம், சர்க்கரையும் அதிகம். மஞ்சள்தூள் போட்ட சாதத்தில் ஒரு முட்டையை உடைத்துவிட்டு வேகவைத்துக் கொடுத்தால் நாய்க்கு உண்மையான விருந்து. பக்கத்தில் ஒரு சட்டி தண்ணீர். கறுப்பு நாய்க்கு வைக்கும்போது பக்கத்தில் நிற்கும் வெள்ளை நாய்க்கும் கொஞ்சம்.

ஒன்பது வாரம் முடிந்த பிறகு பத்தாவது வாரம் அந்த நாய் அதே இடத்தில், அதே நேரத்துக்கு உங்களுக்காகக் காத்திருக்கும். அதற்குப் பரிகாரக் கணக்கு தெரியாது. முடிந்தால் தொடருங்கள்.

தெருநாய்க்குச் சோறு வெச்சா பக்கத்து வீட்ல சண்டைக்கு வர்றாங்களே?

அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. குழந்தை விளையாடும் இடத்தில், அடுத்தவர் வாசலில் வைக்காதீர்கள். ஒரே இடம், ஒரே நேரம், தின்று முடித்ததும் இலையை எடுத்துப் பெருக்கிவிட வேண்டும். சோறு வைப்பதோடு கருத்தடைக்கும் வெறிநாய்த் தடுப்பூசிக்கும் உள்ளாட்சியிடமோ பிராணி நல அமைப்பிடமோ சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். சென்னையில் புளூ கிராஸ் என்ற பிராணி நல அமைப்பு 1960-களிலேயே இதைத் தொடங்கிவிட்டது. காதில் சின்னதாக வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம்.

யாரையாவது கடித்துவிட்டால், பிறாண்டினால்கூட, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனை. ஊசி அங்கே இலவசம். எல்லா ஊசியையும் சொன்ன தேதியில் போட்டு முடிக்க வேண்டும், இதில் சாமி மேல் பாரத்தைப் போடாதீர்கள்.

நாங்க முஸ்லிம். பூனைன்னா பரவாயில்லைன்னு சொல்றாங்க, சரியா?

சரிதான். பூனை வாய் வைத்த தண்ணீர் அசுத்தம் இல்லை என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. நபித்தோழர் அபூ ஹுரைராவின் பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்றுதான் பொருள். நாய் விஷயத்தில் எச்சில் பற்றிய சட்டங்கள் மத்ஹபுக்கு மத்ஹப் (சட்ட மரபுக்குச் சட்ட மரபு) மாறும், அதை உங்கள் ஜமாஅத்தின் மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேட்பதே முறை. கிறிஸ்தவ நண்பர்களுக்கு அக்டோபர் 4, அசிசி நகர் புனித பிரான்சிஸ் திருநாள். அன்று பிராணிகளைக் கொண்டுவந்து ஆசீர்வாதம் வாங்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள்.

காலையில நாயோட நடந்துட்டு வந்து காபி குடிக்கிறதுக்குள்ள ஆபீஸ் நேரம் ஆயிடுது. சாமி கும்பிட நேரமே இல்ல. தப்புதானே?

தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஐந்தரை மணிக்குத் தெருவில் இறங்கினால் வாசல் தெளிக்கும் சத்தம், பால்காரர் மணி, ஈரமண் வாசனை, எங்கேயோ ஒரு கோயில் ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜன் குரல். நாய் ஒவ்வொரு மின்கம்பமாக நின்று விசாரித்துவிட்டு வருகிறது. திரும்பி வந்ததும் முதல் டிகாக்‌ஷனில் கலந்த காபி, டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும்போது எழும் நுரை, காலடியில் நாய், ஃபில்டரின் சூட்டுக்காக மேடை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் பூனை. இவ்வளவையும் கொடுத்தவனுக்கு அங்கேயே, அப்போதே ஒரு நன்றி சொன்னால் அதுவும் பூஜைதான். உட்கார்ந்து சொல்லும் சுலோகத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.

எங்க நாய் போயிடுச்சு. அதுக்கு மோட்சம் உண்டா? நான் அழுறதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறாங்க.

அழுங்கள். சிரிப்பவர்களைத் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். அங்கே லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது. 18.6.1948 அன்று அது உயிர் விட்டபோது ரமணர் பக்கத்திலேயே இருந்தார். அது முக்தி அடைந்தது என்று வருடம், மாதம், திதி, நட்சத்திரம் எல்லாம் வைத்துத் தமிழில் வெண்பாவே எழுதினார்: சர்வதாரி வருடம், ஆனி மாதம், வெள்ளிக்கிழமை, வளர்பிறை துவாதசி, விசாகம். பெரிய மகான்களுக்குக் குறிப்பதுபோலவே ஒரு பசுவுக்குக் குறித்திருக்கிறார். பக்கத்தில் வள்ளி என்ற மானுக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும், ஒரு காக்கைக்கும் சமாதிகள். ஆசிரமத்து நாய்களை அவர் ‘பசங்க’ என்றுதான் சொல்வார். பசங்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பார்.

திதி கொடுக்க வேண்டும் என்று சாஸ்திரம் கேட்கவில்லை. மனசு கேட்டால் அந்த நாளில் நாலு நாய்க்குச் சோறு போடுங்கள். கோயிலில் மோட்ச தீபம் ஏற்றவும் செய்யலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

சரி, புதுசா ஒரு குட்டி கொண்டு வரலாம்னு இருக்கோம். எந்த நாள் நல்ல நாள்?

உங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு மூன்று நாள் லீவு இருக்கிற நாள். குட்டி முதல் ராத்திரி அழும், யாராவது பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். தாயைவிட்டு எட்டு வாரத்துக்கு முன்னால் பிரிக்க வேண்டாம். தீபாவளி வாரம் வேண்டவே வேண்டாம், காரணம் மேலே சொல்லியாயிற்று. தெருவில் பிறந்த குட்டி என்றால் நம் வெயிலுக்கு நன்றாகத் தாங்கும். ராகுகாலம் பார்ப்பவர்கள் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் வழியிலேயே கால்நடை மருத்துவமனையில் இறங்கி, குடற்புழு மருந்துக்கும் தடுப்பூசிக்கும் தேதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். ஆரத்தி எடுப்பதாக இருந்தால் தட்டைக் குட்டிக்கு எட்டாமல் பிடிக்கவும், சுண்ணாம்பு கலந்த தண்ணீர்.